கைக்குப் பத்து மணி நேரம், கண்ணுக்கு?

விடியற்காலை ஆறு மணிக்கு, பால் வண்டிகளும் பத்திரிகை போடுகிற பையன்களின் சைக்கிள்களும் மாத்திரமே நடமாடும் வேளையில், நம்முடைய ஊர்களில் அகலமான தெரு எதிலேனும் நின்று கவனித்தால், முன்னும் பின்னும் வெள்ளைச் சதுரத்தில் சிவப்பு எழுத்துத் தாங்கிய கார் ஒன்று, இரண்டடி பாய்ந்தும் ஓரடி தயங்கியும், கிளச்சை விடுகிற அவசரத்தில் குலுங்கி அணைந்தும், சாவியைத் திருப்ப மறுபடி உயிர் பெற்றும் ஊர்ந்து வருவதைக் காணலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் பார்வை பானெட்டின் நுனியைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாஸ்டரோ, தம்முடைய காலடியிலும் ஒரு பிரேக் பொருத்தப்பட்டிருக்கிற தைரியத்தில், அடுத்த மாணவர் எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்க வேண்டுமென்று கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தச் சிவப்பு எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக்கூட 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் நம்முடைய இஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. சதுரத்தின் பக்கம் 18 சென்டிமீட்டர்; எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இத்தனை சூட்சுமமாக அளவு சொல்லியிருப்பதன் உத்தேசம், 'இவருக்கு இன்னும் பழக்கம் போதாது, கொஞ்சம் இடம் கொடுங்கள்' என்று சாலையில் போகிற மற்ற அனைவரிடமும் பழகுநரின் சார்பாகச் சர்க்காரே ஒரு விண்ணப்பம் போட்டுவைப்பதுதான். நம்மவர்களோ அதை நெற்றியில் ஒட்டிய அவமானச் சீட்டாகக் கருதிக் கூசுகிறார்கள். சொந்தக் காரில் பழகுகிறவர்கள் பின்கண்ணாடியின் மூலையில், தேடிப் பார்த்தால் தென்படுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு, லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சாயங்காலமே நகத்தால் கிள்ளி எடுத்துவிடுகிறார்கள்.

எல்எல்ஆர் என்று ஜனங்கள் சொல்கிற பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்தால் நிரந்தர உரிமத்துக்கான பரீட்சைக்குப் போகலாம். இந்த 30 நாளைத் தபால் வருகிற வரையில் காத்திருப்பதுபோல் எண்ணிக் கழிக்கிறோம். பயிற்சிப் பள்ளிகளுக்கான விதி, சொந்த உபயோகத்துக்கு ஓட்டக் கற்கிறவருக்கு 21 நாள் பாடமும், அதில் தாமே வண்டியை ஓட்டுவது 10 மணி நேரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஒத்துக்கொள்கிறேன், 10 மணி நேரத்தில் கைகால் பழகிவிடும். மேட்டில் ஹாஃப் கிளச்சில் வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்துவதும், கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பதும், கியர் மாற்றும்போது குனிந்து பாராமல் இருப்பதும் உடம்பின் அப்பியாசங்கள். உடம்பு ஒரு முறை கற்றதை எளிதில் மறப்பதில்லை. ஆனால் கண் பழகுவதற்கு எத்தனை மணி நேரம் வேண்டுமென்று எந்த விதியும் சொல்லவில்லை, பரீட்சையிலும் அதை யாரும் கேட்பதில்லை. பாடத்திட்டத்தில் சாலை விதிகளும் சமிக்ஞைகளும் இருக்கத்தான் இருக்கின்றன. பெரும்பாலும் அவை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிடுகின்றன. பரீட்சை நாளன்று இருசக்கர வாகனக்காரர் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் போதும். கார்க்காரர், பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைத்துப் பழகிவிட்ட மோட்டார் வாகன ஆய்வாளரின் முன்னிலையில், மைதானத்திலோ பக்கத்துச் சாலையிலோ சிறிது தூரம் ஓட்டிக் காட்டினால் போதும். எட்டு வடிவத்தில் ஒரு தெருவை நான் இந்த நாட்டில் எங்கும் கண்டதில்லை. அந்த எட்டின் நடுவே ஆடு வருவதில்லை, எதிரே டவுன் பஸ் வருவதில்லை, கையை நீட்டாமல் திரும்புகிற ஷேர் ஆட்டோவும் வருவதில்லை.

நான் கார் ஓட்டக் கற்றது நாற்பது வயதுக்கு மேல். எனக்கு வாய்த்த மாஸ்டர், வெளியூர் பஸ்களில் முப்பது வருஷம் ஓட்டி ஓய்ந்தவர். வெற்றிலைப் பெட்டியையும் ஒரு பழைய கைக்குட்டையையும் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டுதான் எதையும் தொடங்குவார். முதல் நாள் நான் ஓட்டுநர் ஆசனத்தின் கதவைத் திறக்கப் போனபோது தடுத்தார்.

"சார், இன்னைக்கு உங்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது. இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. நான் ஓட்டறேன், கண்ணுல படறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வாங்க."

கொடுத்த பணத்துக்கு இதுவா பாடம் என்று மனத்துக்குள் குறைப்பட்டுக்கொண்டே, கடைவீதியில் வண்டி நுழைந்ததும் நான் சொல்லத் தொடங்கினேன்: முன்னால் லாரி, எதிரே பஸ், இடப்பக்கம் நிற்கிற ஆட்டோ. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். நூறு கஜம் போனதும், "இவ்வளவுதானா?" என்றார். பிறகு தாமே சொல்லிக்கொண்டு வந்தார். நிற்கிற ஆட்டோவைச் சொன்னீர்களே, அதன் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறதே, அதைச் சொன்னீர்களா? அந்த மளிகைக் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் பையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டைத் தட்டிவிட்டாரே, அவர் இன்னும் இரண்டு விநாடியில் திரும்பிப் பாராமல் சாலையில் இறங்குவார், அதைச் சொன்னீர்களா? அந்தக் கிழவி இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துப் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தாளே?

அப்போது பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றது. மாஸ்டர் வேகத்தைத் தளர்த்தினார். "பஸ் நின்னா பஸ்ஸைப் பார்க்காதீங்க சார். பஸ்ஸுக்கு அடியில கால் தெரியுதான்னு பாருங்க. இறங்கின ஆள் பஸ்ஸுக்கு முன்னாடி சுத்தித்தான் வருவான். அவனுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவனைத் தெரியாது. கால் மட்டும்தான் தெரியும்."

அதற்குப் பிறகு நான் வாசித்த சட்டப் புத்தகங்களிலும் ஒழுங்குமுறைகளிலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடானது எனக்கு அகப்படவில்லை. விதி என்பது எல்லோரும் ஒழுங்காக நடந்தால் எப்படிப் போவது என்று சொல்கிறது. கண் என்பது யாரோ ஒருவர் ஒழுங்கு தவறப் போகிறார் என்பதை இரண்டு விநாடி முந்தி அறிவது. புதிதாகப் பழகுகிறவருடைய கண் அசைகிற பெரிய வஸ்துக்களிலேயே சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நின்றுகொண்டு, இப்போதோ பிறகோ என்று அசையக் காத்திருக்கிற சிறிய வஸ்துக்கள் அதற்குத் தட்டுப்படுவதில்லை. சாலையின் குறுக்கே ஒரு பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே ஒரு பையன் வருவான் என்பதையும், ஒரு கன்று கடந்தால் தாய்ப்பசு இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறது என்பதையும் எந்தக் கணினித் திரைப் பரீட்சையிலும் வினாவாகக் கேட்கக் காணோம்.

இந்த இரண்டு விநாடிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். அதற்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கே பதில் சொல்லும். ஆபத்தைக் கண்டு, மூளை உத்தரவு கொடுத்து, கால் பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கு, கவனமுள்ள மனிதருக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி கழிகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அந்த விநாடியில் 11 மீட்டர் போய்விடுகிறார். பிறகு, உலர்ந்த தார்ச்சாலையும் நல்ல டயரும் இருந்தால், இன்னும் 9 மீட்டரில் வண்டி நிற்கும். ஆக 20 மீட்டர். வேகத்தை இரட்டித்து 80 ஆக்கினால், நிற்கிற தூரமும் இரட்டித்து 40 மீட்டர் ஆகும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. பிரேக்குக்கு அந்தக் கணக்குத் தெரியாது. விநாடி கழிவதில் 22 மீட்டர், பிரேக் பிடித்தபின் 35 மீட்டர், ஆக 57 மீட்டர் வேண்டும். ஏனெனில் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. ஐப்பசி அடைமழையில் இந்தத் தூரம் இன்னும் நீளும். அதிலும், பல மாதம் வெயிலில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து கிடக்கிற அந்த அரை மணி நேரம், இருசக்கர வாகனக்காரருக்குக் கொட்டுகிற மழையைவிடப் பொல்லாதது.

இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமானம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் குழந்தையை ஏறவிடாத தகப்பனார், அதே குழந்தையை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல், 60-இல் பறக்கிறார். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை. மூன்று இடங்களில் மாட்டுகிற இருக்கைப் பட்டையை வால்வோ நிறுவனத்துப் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959-இல் காருக்குள் கொண்டுவந்தார் என்பதும், மற்றக் கம்பெனிகளும் உபயோகித்துக்கொள்ளட்டும் என்று அந்த நிறுவனம் அதன் உரிமையைத் திறந்துவிட்டது என்பதும் பழைய சேதி. அதை மாட்டிக்கொள்வதற்குப் பதிலாக, மணியடிக்காமல் இருக்கும்பொருட்டு வெறும் கொக்கியை வாங்கிச் செருகி வைக்கிற சாமர்த்தியம்தான் நம்முடைய சேர்க்கை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர், நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது. கார்த்திகை தீபத்தன்றும், பொங்கலன்றும், ஒன்றும் விசேஷமில்லாத ஒரு புதன்கிழமையன்றும் சராசரியாக நாற்பத்தொன்பது. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயருக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் எழுதப்பட்டிருப்பது அதிவேகம். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இடைவெளி விடாமை, பார்க்காமை, வழிவிடாமை என்று எத்தனையோ ஒளிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். காவல் நிலையத்துப் படிவத்தில் அவற்றுக்கெல்லாம் இடம் கிடைப்பது அரிது.

இடைவெளி என்றேன். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எத்தனை தூரம் என்று மீட்டரில் அளக்க ஓடுகிற வண்டியில் ஒருவராலும் முடியாது. மாஸ்டர் கற்பித்த வழி நெடுஞ்சாலையின் ஓரத்துப் புளியமரங்களைக் கொண்டு அளப்பது. முன்வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும், 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று' என்று நிதானமாக எண்ண வேண்டும். எண்ணி முடிவதற்குள் நாமும் அதே மரத்தை அடைந்துவிட்டால் நெருங்கிப் போகிறோம் என்று அர்த்தம். வேகம் கூடினால் தூரம் தானாகவே கூடிவிடும் என்பது இந்தக் கணக்கின் அழகு. சாலை விரிவாக்கத்தில் புளியமரங்கள் போய்விட்ட இடங்களில் மைல்கல்லோ பாலத்தின் கைப்பிடியோ உதவும். அப்படி இடைவெளி விட்டால் நடுவே இன்னொருவர் வந்து புகுந்துவிடுகிறாரே என்பார்கள். புகட்டும், மறுபடியும் மூன்று எண்ணிப் பின்தங்குவதில் யாருடைய மானமும் போவதில்லை.

இரவில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. தாழ்த்திய ஹெட்லைட்டின் வெளிச்சம் சாலையில் ஏறக்குறைய 40 மீட்டருக்குத்தான் தெளிவாக விழுகிறது. 80-இல் போகிறவருக்கு நிற்க வேண்டியது 57 மீட்டர். அவர் தம்முடைய வெளிச்சத்தையே முந்திக்கொண்டு ஓடுகிறார். விளக்கில்லாமல் சாலையோரம் நிறுத்திய டிராக்டர் டிரெய்லர் அவர் கண்ணுக்குத் தென்படும்போது, தப்பிப்பதற்கான காலம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருக்கும். இதற்குப் பரிகாரமாக விளக்கை உயர்த்தியே வைத்துக்கொண்டு எதிரே வருகிறவரைக் குருடாக்குவது வேறொரு பாவம். எதிர்வண்டி வந்ததும் டிம் பண்ண வேண்டும். அவர் பண்ணாவிட்டால், பழிக்குப் பழியாக நாமும் உயர்த்தி, ஒரே சாலையில் இரண்டு குருடர்களை எதிரெதிரே ஓடவிடாமல், பார்வையைச் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் ஊன்றி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மலைச் சாலையில் பழகுநருக்கு வேலையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் லைசென்ஸ் கிடைத்த முதல் விடுமுறையிலேயே ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது அங்கே முதல் விதி. ஏறிக்கொண்டிருப்பவர் பாதி மேட்டில் நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதால் வந்தது. இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கத்தில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருடைய பிரேக்குகள் சூடேறி, கருகல் நாற்றம் எழும்பி, ஒரு வளைவில் மிதி காலுக்கடியில் பஞ்சுபோல் அமுங்கிப் போகும். இஞ்சினே பிரேக்காக வேலை செய்யும் என்பதை அந்த வளைவில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

இத்தனை உபதேசம் எழுதுகிற இவன் உத்தமன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கார் பழகி ஒரு வருஷம் ஆன பிறகு, பழக்கம் வந்துவிட்டது என்ற கர்வத்தோடு ஒரு காலையில் மருந்துக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைச் சடக்கென்று திறந்தேன். பின்னால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த பால்காரரின் சைக்கிள் கதவின் நுனியில் இடித்து, ஆளும் கேனும் சாலையில் சரிந்தார்கள். தெய்வாதீனமாக முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் பஸ் ஒன்றும் வரவில்லை. பால் மட்டும் சரிவைத் தேடிக் கால்வாய்ப் பக்கம் ஓடிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. கேனை நிமிர்த்தி, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில ஒரு தடவை பார்த்திருக்கலாமே சாமி" என்றார். அன்று முதல் வலப்பக்கத்துக் கதவை இடது கையால் திறக்கிறேன். இடது கை குறுக்கே வந்து தாழைத் தொட வேண்டுமானால் உடம்பு திரும்பியே ஆக வேண்டும். உடம்பு திரும்பினால் கண் தானாகவே பின்பக்கம் போகும். கையைக் கொண்டு கண்ணைப் பழக்குகிற உபாயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வழிவிடுவதைப் பற்றிய விதிகளைப் பழகுநர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, தேறியதும் மறந்துவிடுகிறார்கள். போலீஸ்காரரோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்கு, புதிதாய் நுழைகிறவர் வழிவிட வேண்டும். சமிக்ஞையில் மஞ்சள் விழுந்தால், பத்திரமாக நிற்க முடிகிறவரையில் நிற்க வேண்டும். நடைமுறையில் வழி என்பது முதலில் மூக்கை நுழைத்தவருக்கும், அவரினும் பெரிய வண்டிக்காரருக்கும் போய்ச் சேர்கிறது. இதைக் காட்டிலும் சிக்கலானது நம்முடைய சாலைகளில் எழுதப்படாமல் வழங்கும் பாஷை. முன்னால் போகிற லாரி இண்டிகேட்டரைப் போட்டால், அவர் திரும்பப் போகிறாரா, 'நீ முந்திக்கொள்' என்று நமக்கு உத்தரவு கொடுக்கிறாரா? அனுபவசாலிகள் ஊகித்துக்கொள்கிறார்கள், புதியவர் ஊகித்து முந்துகிறபோது லாரி திரும்பினால், தப்பு யாருடையது என்று பேச இருவரும் மிஞ்சுவது சந்தேகம். பழகுநருக்கு நான் சொல்வது, அந்தப் பாஷை தெரியாதவராகவே முதல் வருஷத்தைக் கழியுங்கள் என்பதுதான்.

பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ தேறின பையனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, 'நம்ம தெருவுக்குள்ளதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள், 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199ஏ பிரிவை அறிய வேண்டும். வயதுக்கு வராதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் குற்றவாளியாகக் கருதப்படுகிறவர் பாதுகாவலர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்; 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரையில் லைசென்ஸும் கிடையாது.

சர்க்கார் செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. ஜப்பானில் புதிதாக உரிமம் பெற்றவர் முதல் ஒரு வருஷம், பச்சையும் மஞ்சளுமான இளந்தளிர்ச் சின்னம் ஒன்றைக் காரில் கட்டாயம் ஒட்ட வேண்டும். 1972 முதல் அங்கே இது வழக்கம். அந்தச் சின்னம் தாங்கிய வண்டியை நெருக்குவதும் அதன் முன் குறுக்கே புகுவதும் மற்றவர்களுக்குக் குற்றம். நம் நாட்டிலோ பரீட்சை தேறிய நொடியில் பழகுநர் பூரண பக்குவம் பெற்றுவிட்டதாகச் சாஸ்திரம். சிவப்பு எழுத்தை எடுத்த இடத்தில் வேறொரு நிறத்துச் சின்னத்தை ஒரு வருஷம் ஒட்டிவைக்கவும், பரீட்சையை மைதானத்திலிருந்து காலை ஒன்பது மணிக் கடைவீதிக்கு மாற்றி, பக்கத்து ஆசனத்தில் இருக்கும் ஆய்வாளர் 'என்னென்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்கவும் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. வரிசையில் நிற்கிற கூட்டத்துக்கு நேரம் போதாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நேரம் போதாதென்றால் ஆட்களை நியமிக்கட்டும்.

சென்ற மாதம் என் அண்ணன் மகளுக்கு லைசென்ஸ் தபாலில் வந்தது. கிள்ளி எடுத்தும் போகாத பசை இன்னும் பின்கண்ணாடியில் சதுரமாகத் தெரிகிற அந்தக் காரில், "சித்தப்பா, நானே கொண்டுபோய் விடறேன்" என்று என்னைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். வழியில் ஒரு டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தி, இரண்டாவது கியருக்கு மாற்றி, தலையைச் சற்றே தாழ்த்திப் பஸ்ஸுக்கு அடியில் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். அவள் பஸ்ஸின் முன்பக்கம் முழுதும் தெரிகிறவரையில் அதே வேகத்தில் போய், பிறகு மூன்றாவது கியரைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.